மிச்சம் பெலிக்கன்ஸ்

ஸ்ட்ரெச்சர் கொரிடோரில் திரும்பவில்லை. பிரேதம் எடுக்க வந்த கறுப்புக் கோட் போட்ட இரண்டு பேரும் தலைமாட்டை உயர்த்திப் பார்த்தார்கள், கால்மாட்டைச் சரித்துப் பார்த்தார்கள். கடைசியில் மெதுவாகப் பின்வாங்கி, குகதாசனைத் திரும்பவும் ஹோலுக்குள் கொண்டுவந்து, அவர் விடியப்புறம் கண்மூடிய, வீட்டுக்கு வரவழைத்திருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார்கள். இருவரில் மூத்தவர், வழியில் அடுக்கியிருந்த பெட்டிகளைக் கொஞ்சம் அப்புறப்படுத்த முடியுமா என்று குகதாசனின் மனைவி யோகமலரிடம் மன்னிப்புக் கேட்கும் குரலில் கேட்டார்.

கட்டில் வந்தபோது இந்தப் பிரச்சினை இருக்கவில்லை. அது துண்டு துண்டாக வந்து உள்ளே வைத்துப் பூட்டப்பட்டது. பார்க்க வந்த தாதிமாரும் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நடக்கப் பழகிவிட்டார்கள்.

கொரிடோரின் இரண்டு பக்கமும் நெஞ்சுயரத்துக்குக் காட்போட் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ‘மிச்சம் பெலிக்கன்ஸ்’ என்று குகதாசனின் கையெழுத்து, கீழே வருடம். யோகமலரும் மகள் ஜதுர்ஷிகாவும் அவற்றைத் தூக்கி வாசலுக்கு வெளியே, மாடிப்படி தொடங்கும் இடத்தில் அடுக்கினார்கள். ஒரு பெட்டியின் அடி பிய்ந்து, பழைய ஜேர்சிகளும் கைப்பிடி உடைந்த வெற்றிக்கிண்ணம் ஒன்றும் சேறு காய்ந்த ஒற்றைச் சப்பாத்தும் கம்பளத்தில் கொட்டின. வந்தவர்களில் இளையவன் குனிந்து பொறுக்கிக்கொண்டே இது என்ன அணி என்று கேட்டான். அவுஸ்திரேலியன் ஃபுட்போல், முப்பத்தைந்து வருடமாக இருக்கிற கிளப் என்றாள் ஜதுர்ஷிகா. அப்படி ஒரு விளையாட்டு லண்டனில் நடப்பதே தனக்குத் தெரியாது என்றான் அவன்.

யோகமலருக்கு மூச்சு வாங்கியது. மனிசன் செத்துக் கிடக்க, அழவும் நேரமில்லாமல் பெட்டி தூக்கிக்கொண்டிருக்கிறேனே என்று நினைத்தாள்.

வழி கிடைத்ததும் அவரைக் கொண்டுபோனார்கள். மூன்று மாடி. ஒவ்வொரு திருப்பத்திலும் மூத்தவர் இளையவனுக்குத் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்வது கேட்டது. கீழ்க்கதவு சாத்தும் சத்தம் வரும்வரை நின்றுவிட்டு அவள் உள்ளே வந்தாள். பெட்டிகள் இருந்த இடமெல்லாம் கம்பளம் புது நீலமாக இருந்தது. நடுவில் மட்டும், ஆள் நடந்து நடந்து சாம்பலாகிப்போன ஒரு ஒற்றையடிப் பாதை.

குகதாசன் லண்டனுக்கு வந்தது தொண்ணூறாம் ஆண்டு. அகதி விண்ணப்பத்துக்குப் பதில் இல்லை, வேலை இல்லை, ஆறு பேர் படுக்கிற ஒரு அறை. சனிக்கிழமைகளில் மற்றவர்கள் உறங்கிக்கிடக்க, இவர் எழும்பி, மிச்சம் என்கிற அந்தப் பகுதியின் பொதுப் புல்வெளியான மிச்சம் கொமனில் நடப்பார். அப்படி ஒரு நாள், கையில்லாத ஜேர்சி போட்ட வெள்ளைக்காரப் பெடியள் முட்டை வடிவப் பந்து ஒன்றை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். கம்பங்களுக்குக் கீழே நடுவராக நிற்க வேண்டியவன் வரவில்லை. அவர்களில் ஒருவன் இவரைக் கூப்பிட்டு, ஒரு வெள்ளைக் கோட்டையும் இரண்டு சின்னக் கொடிகளையும் கொடுத்தான். நடுக் கம்பங்களுக்குள்ளால் பந்து போனால் இரண்டு கொடியையும் அசைக்க வேண்டும், ஓரத்துக் கம்பத்துக்குள்ளால் போனால் ஒன்று. பெயர் கேட்டார்கள், விசாப் பேப்பர் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவர் தானாகவே போனார்.

கிளப்புக்கு அது முதல் கோடை. தொடங்கியவர்கள் எல்லோரும் இரண்டு வருட விசாவில் வந்தவர்கள். விசா முடிய ஒவ்வொருவராக மெல்பேர்ணுக்கும் அடிலெய்டுக்கும் திரும்பினார்கள், புதியவர்கள் வந்தார்கள், அவர்களும் போனார்கள். மைதானம் கவுன்சிலுடையது, கிளப்புக்குச் சொந்தமாக ஒரு அலுமாரிகூடக் கிடையாது. போகிறவர்கள் ஜேர்சியையும் படங்களையும் கிண்ணங்களையும் குகதாசனிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். எந்த வருடம் ஆள் போதாமல் கிளப் மூடப்பட இருந்தது, எந்த இறுதியாட்டத்தில் கடைசி நிமிடத்தில் தோற்றார்கள் என்பதையெல்லாம் புதிதாக வருகிறவர்கள் அவரிடம்தான் கேட்டார்கள். “மிச்சம் எண்டால் என்ன? எல்லாரும் போக மிஞ்சினது. அது நான்தான்” என்று வீட்டுக்கு வரும் தமிழ் ஆட்களிடம் சொல்லுவார். அவர்கள் சிரிப்பார்கள். யோகமலர் சிரித்ததில்லை.

அவளுக்கும் அவருக்கும் தொண்ணூற்றொன்றில் வீட்டார் பேசி முடித்திருந்தார்கள். பேப்பர் கிடைத்ததும் கூப்பிடுவார் என்றார்கள். அவள் ஹீத்ரோவில் வந்து இறங்கும்போது இரண்டாயிரத்து இரண்டு. வயது முப்பத்து மூன்று. இந்தப் பிளாட்டில் கால் வைத்தபோது பெட்டிகள் அவளுக்கு முன்னமே குடியிருந்தன. கோடைகாலச் சனிக்கிழமை எதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் அக்கா றோஸ்மலர், அத்தானின் கடையில் வேலை இருக்கிறது, எல்லோருமாக வாருங்கள் என்று ஒரு வருடம் முழுக்கக் கூப்பிட்டாள். குகதாசன் மறுத்துவிட்டார். எல்லாரும் போறவங்கள், ஒராள் நிக்கவேணும் என்றார். அன்றைக்கு அவள், உங்களுக்குக் கிளப்தான் பெரிசு என்று கத்தினாள். அவர் வெள்ளைக் கோட்டை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார். அதற்குப் பிறகு அவள் ரொறன்ரோவைப் பற்றிப் பேசவில்லை.

மத்தியானம் கட்டடத்தின் கேர்டேக்கர் வந்து கதவைத் தட்டினார். செத்த விஷயம் அவருக்குத் தெரியும், வருத்தம் தெரிவித்தார். ஆனால் தீப்பிடித்தால் எல்லோரும் ஓட வேண்டிய படி இது, பொழுது படுவதற்குள் பெட்டிகளை எடுத்துவிட வேண்டும் என்றார்.

“உள்ளுக்கே எடுப்பம் அம்மா,” என்றாள் ஜதுர்ஷிகா. “அப்பான்ர சாமான்.”

“வேண்டாம்.”

“அப்ப எங்க வைக்கிறது?”

“கிளப்காரருக்கு அடிச்சுச் சொல்லு, வந்து எடுக்கச் சொல்லி.”

“இண்டைக்கா அம்மா?”

 மகள் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவள் பிறந்ததிலிருந்து அந்த அறையிலும் பாதி கிளப்பினுடையதாக இருந்தது.

பின்னேரம் கிளப் தலைவன் லக்லன் வந்தான். இருபத்தேழு வயதிருக்கும். அவனோடு இன்னொரு பெடியனும் ஒரு பெட்டையும். மூவரும் படியில் இருந்த பெட்டிகளைத் தாண்டி வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஹோலில் இருக்க இடம் தெரியாமல் நின்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலை எடுத்துப்போக இன்னும் யாரும் வரவில்லை. லக்லனின் கண்கள் சிவந்திருந்தன. அவுஸ்திரேலியா முழுக்க இருந்து செய்திகள் வந்தபடி இருக்கின்றன என்று சொல்லி, போனில் இருந்ததை வாசித்துக் காட்டினான். எல்லோரும் இப்போது நரைத்தவர்கள், சிலர் பேரப்பிள்ளை கண்டவர்கள். ஒருவன், தான் மகனைக் கூட்டிக்கொண்டு லண்டனைப் பார்க்க வந்தபோது, தனக்குத் தெரிந்த எல்லாமே மாறியிருந்தது, கம்பத்துக்குக் கீழே குகா மட்டும் அப்படியே நின்றார் என்று எழுதியிருந்தான். பெட்டை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு பெட்டிகளின் பேச்சு வந்தது. கிளப்பில் எல்லோரும் வாடகை அறைகளில் இருக்கிறவர்கள், தானே செப்டெம்பரில் ஊருக்குத் திரும்புகிறவன் என்று லக்லன் தயங்கித் தயங்கிச் சொன்னான். படங்களைக் கணினியில் ஏற்றிவிடலாம். மற்றதெல்லாம், புதிய நிர்வாகம் வரும்வரை கொஞ்சக் காலம் இங்கேயே இருக்க முடியுமா?

யோகமலருக்கு ஆங்கிலம் விளங்கும். ஆனால் அவள் மகளைப் பார்த்துத் தமிழில்தான் பேசினாள்.

“இவைக்குச் சொல்லு பிள்ளை. வாற ஆக்கள் ரெண்டு வருசம் இருந்திட்டுப் போயிடுவினம். அப்பா போகேல்ல. அவர் போகாதபடியா நானும் போகேல்ல. நான் வந்த நாளில இருந்து இந்தப் பெட்டியளுக்குள்ளால சரிஞ்சு சரிஞ்சுதான் நடக்கிறன். என்னால இனி ஏலாது.”

 கீழே ரோட்டில் யாரோ காரை ரிவேர்ஸ் எடுக்கும் பீப் சத்தம் கேட்டது.

அம்மா களைத்திருக்கிறா, இன்றைக்கே எடுத்துக்கொண்டு போனால் நல்லது என்று மட்டும் ஜதுர்ஷிகா ஆங்கிலத்தில் சொன்னாள்.

லக்லன் தலையாட்டினான். எவ்வளவு விளங்கியதோ தெரியாது, யோகமலரின் முகத்தைப் பார்த்தபிறகு அவன் வேறெதுவும் கேட்கவில்லை. ஒரு வான் வண்டியோடு இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். படிகளில் அவர்கள் பெட்டிகளை இறக்கிய பக்குவத்தைப் பார்த்து அவளுக்கு எரிச்சல் வந்தது. இருக்கிற மட்டும் தன் அறையில் வைத்திருப்பேன், பிறகு யார் வாங்குகிறார்களோ தெரியாது என்று சொல்லிவிட்டு லக்லன் போனான்.

வீடு காலியானதும் அவள் தேத்தண்ணி போட எழும்பினாள். கொரிடோரில் பாதி தூரம் போனபிறகுதான், தோளைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு நடப்பது தெரிந்தது. அறை வாசலில் நின்ற மகள் அதைப் பார்த்தாள். 

செத்தவீடு அடுத்த கிழமை வைத்தார்கள். சுடலையில் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்குகிற நேரம் கொஞ்சம்தான். இவர்கள் உள்ளே போகும்போது முன்னவர்கள் பக்கக் கதவால் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். குருக்கள் தேவாரம் சொல்லச் சொல்ல, கோட்டுக்குள்ளே கிளப் ஜேர்சி போட்ட இளம் ஆட்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். வாய்க்கரிசி போட ஆட்களைக் கூப்பிட்டபோது அவர்களும் வந்தார்கள். முன்னால் போகிறவர் எப்படிச் செய்கிறார் என்று பார்த்து, அதேபோல மூன்று தரம் அரிசியை எடுத்துப் போட்டார்கள். ஒருவன் போட்ட அரிசி பெட்டிக்கு வெளியே சிந்தியது. யோகமலர் அதை விரலால் கூட்டி உள்ளே விட்டாள்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது, வெயிலில் நரைத்த தாடியோடு ஒரு மனிதர் காத்திருந்தார். பெயர் பீட்டர் என்றார். கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். அன்றைக்குக் கொமனில் குகாவைக் கூப்பிட்டுக் கோட்டைக் கொடுத்தது தான்தான் என்றார். அடிலெய்டில் இருந்து நேற்று வந்திறங்கியிருக்கிறார். அவளுக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகப் பேசினார்.

தொண்ணூற்றைந்தில் குகாவின் விண்ணப்பத்தை இங்கே நிராகரித்தார்கள். மேன்முறையீடு போட்டுவிட்டு இருந்த நேரம். அடிலெய்டுக்கு அருகில் பீட்டரின் மாமனுக்குத் தோட்டம் இருந்தது. கிளப் ஆட்கள் எல்லோரும் சேர்ந்து, மாமன் மூலம் குகாவை அவுஸ்திரேலியாவுக்கு எடுக்க ஒழுங்கு செய்தார்கள். எல்லாம் சரிவந்திருந்தது. குகா மாட்டேன் என்றுவிட்டார்.

“ஊரில் ஒரு பெண் காத்திருக்கிறாள் என்றான்,” என்றார் பீட்டர். “அவளைக் கூப்பிடப்போவதாக இங்கே விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறானாம். அவுஸ்திரேலியாவுக்கு வந்தால் எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். இத்தனை வருடம் காத்திருந்தவளிடம் முதலில் இருந்து காத்திரு என்று சொல்ல முடியாது என்றான். எனக்கு அப்போது கோபம் வந்தது.” அவர் அவளை நேராகப் பார்த்தார். “அந்தப் பெண் நீங்கள்தானே?”

“ஓம்,” என்றாள் யோகமலர், தமிழில்.

தொண்ணூற்றைந்தில் அவள் இடம்பெயர்ந்து கிளிநொச்சியில் இருந்தாள். மாதக் கணக்கில் பிந்திப்போகும் என்று தெரிந்தும் அவருக்குக் கடிதம் எழுதுவாள். எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான்: எப்ப கூப்பிடுவியள்? அவர் எழுதும் பதிலில் மழையும் குளிரும் இருக்கும், அடிலெய்ட் இருந்ததில்லை. பிறகு இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் சொல்லவில்லை. ரொறன்ரோவுக்காக அவள் கத்திய அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். ஒரு வசனம் போதும், அவள் வாயடைத்திருப்பாள். அவர் கோட்டை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த குடும்பத்தின் கார்கள் வந்து நிற்கத் தொடங்கின. ஜதுர்ஷிகா வந்து தாயின் கையைப் பிடித்தாள். அவர் என்ன சொன்னவர் என்று காரில் கேட்டாள். அப்பாவை நல்லாத் தெரியுமாம் என்றாள் யோகமலர்.

முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் றோஸ்மலர் தினமும் போன் எடுத்தாள். அறை ஒதுக்கியாகிவிட்டது, பிளேன் ரிக்கெற் போடட்டா, இனி உனக்கு அங்க என்ன கிடக்கு என்று கேட்டாள். மகளும் அதையேதான் சொன்னாள்.

“நான் சமாளிப்பன் அம்மா. நீங்க போங்கோ. எத்தினை நாளைக்கு இந்த வீட்டுக்குள்ளயே இருக்கப்போறியள்?”

யோசிச்சுச் சொல்லுறன் என்றாள் யோகமலர். இருவருக்கும் ஒரே பதில்.

ஒரு காலை, மகள் வேலைக்குப் போனபிறகு, அவள் சேலையை மாற்றி, கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினாள். குளிசை வாங்க இல்லை, டொக்டரிடம் போக இல்லை. திரும்பி வரவேண்டிய நேரம் என்று எதுவும் இல்லை. மெயின் ரோட்டு வரைக்கும் வந்து பஸ் தரிப்பில் இருந்தாள். டூட்டிங் போகிற பஸ் வந்து போனது. குரொய்டன் போகிற பஸ் வந்து போனது. ஏறுகிறவர்கள் எல்லோரும் எங்கே போவதென்று முன்னமே தெரிந்து வைத்திருந்ததுபோல ஏறினார்கள்.

மூன்றாவதாக வந்த பஸ் அவளுக்கு முன்னால் நின்றது. கதவு திறந்தது. இறங்க யாரும் இல்லை. எங்கே போகிற பஸ் என்று அவள் பார்க்கவில்லை. வயதானவள், கால் ஏலாதவள் என்று நினைத்தானோ என்னவோ, சாரதி ஒரு பொத்தானை அழுத்தினான். காற்று இறங்கும் சத்தத்தோடு பஸ் அவள் பக்கமாகச் சரிந்து, அதன் படி நடைபாதை மட்டத்துக்குத் தாழ்ந்து வந்து நின்றது.

யோகமலர் எழுந்தாள். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே இருந்தவர்கள் கண்ணாடிக்குள்ளால் பார்த்தார்கள். சாரதி அவசரப்படுத்தவில்லை.