நூல் இல்லாத அம்பு

நிப்பேன்னு சொல்லிட்டேன்க்கா! கொட்டகை முழுக்க ஜனம், மேல்மாடிய நிமிந்து பாத்து "நிப்பேன்"னு கத்திட்டேன். திங்கக்கிழமை என் தலைல ஆப்பிள வச்சு அப்பா நிஜமாவே அம்பு விடப்போறார். தூங்காத ஹெஸ்டரக்கா, உனக்குக் காய்ச்சல்னு தெரியும், ஆனா இத நான் வேற யார்கிட்ட போய்ச் சொல்ல?

இரு, ஒழுங்கா சொல்றேன். முத அங்கம் ஜோராத்தான் போச்சு. நாடகத்துல வர்ற கூடைக்காரி பாட்டுக்கு மேல்மாடில காலால தாளம் போட்டு, கூரைத் தூசியெல்லாம் பிடில்காரங்க தலைல. திரும்பப் பாடு, திரும்பப் பாடுன்னு மூணு தடவ. அப்பா என் காதுல, "நம்ம ஊரு இதாம்மா, லண்டன்ல இப்படிக் கேட்டிருப்பானா ஒருத்தன்?"ன்னு சிரிக்கறார்.

அப்புறம்தான் அந்தக் கம்பம்.

கதைல அது கொடுங்கோல் கவர்னரோட தொப்பி. சந்தைல கம்பம் நட்டு மேல தொப்பிய மாட்டிருவான், போறவன் வர்றவன் எல்லாம் அதக் கும்பிடணும். அப்பாதான் மலைநாட்டு வில்லாளி, அவர் மட்டும் கும்பிட மாட்டேம்பார். எழுதின மனுஷன் நியூயார்க் தெருவுல நடந்ததே இல்லபோல! நம்ம மைதானத்துல நட்டு வச்சிருக்கற விடுதலைக் கம்பம் எப்படி இருக்கு? நெட்டுக்கு ஒரு மரம், உச்சில ஒரு தொப்பி. இங்கிலீஷ் ராஜாவ விரட்டி பதிமூணு வருஷமாச்சு, இன்னும் அதத் தாண்டும்போது தொப்பியக் கழட்டாம போறவன் உண்டா?

மேடைல கம்பம் ஏறுச்சு பாரு, மேல்மாடி மொத்தமும் படக்குனு எழுந்துடுச்சு. கப்பல்காரன், கசாப்புக்காரன், பீப்பாய் செய்யறவன், எல்லாரும் தொப்பிய கழட்டி நெஞ்சுல வச்சுக்கிட்டு "ஹுர்ரே!"ங்கறான். அப்பாவுக்கு ஒண்ணும் புரியல. நெஞ்ச நிமித்திக்கிட்டு, "இந்தத் தொப்பிக்கு நான் தலை வணங்க மாட்டேன்!"னு கணீர்னு சொல்லிட்டார்.

"என்னடா சொன்ன?"

"பாத்தியா, லண்டன்காரன் புத்திய!"

"விடுதலைக்குக் குனியாதவனுக்கு இங்க என்னடா வேல? கப்பல் ஏறுடா!"

பறந்துச்சு பாரு, ஆப்பிளு, கொட்டை ஓடு, பாதி கடிச்ச இஞ்சி ரொட்டி! அப்பா காதுல சப்புனு ஒண்ணு. அவர் பாட்டுக்கு, "என் அருமை நாட்டு மக்களே!"ன்னு அடுத்த வசனத்த ஆரம்பிக்கறார். "யாருடா உனக்கு நாட்டு மக்கள்?"னு இன்னொரு ஆப்பிள். முதலாளி ஓரத்துல நின்னு "திரைய இறக்கு, திரைய இறக்கு"ங்கறார்.

எனக்கு எங்கேர்ந்து வந்துச்சோ தெரியலக்கா. நான் போட்டிருந்த வில்லாளி மகன் வேஷத்துக்கு அந்த இடத்துல ஒரு வார்த்தை கிடையாது. கால்கிட்ட உருண்ட ஆப்பிள எடுத்தேன். "யோவ், மேல இருக்கறவங்களா! அது விடுதலைத் தொப்பி இல்லய்யா! அரண்மனைலேர்ந்து வந்த கவர்னரோட தொப்பி! அதுக்கா சலாம் போடறீங்க?"ன்னு கத்திட்டு ஓங்கி எறிஞ்சேன். தொப்பி தொப்புனு கீழ!

அப்புறம் ஒரு குண்டு ஆளு, "அடப்பாவிங்களா, கவர்னன் தொப்பிக்கா நான் எழுந்து நின்னேன்!"னு வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். கொட்டகையே குலுங்குச்சு. "சபாஷ்டா பையா!"ன்னான் ஒருத்தன். "பையனாம்! பின்னல் தொங்குது பாருடா, அது வில்லாளி வேஷம் போட்ட வாரிங்கோட பொண்ணு"ன்னான் பக்கத்துல இருந்தவன்.

அதோட முடிஞ்சிருந்தா நான் இப்ப உன் போர்வைய இழுத்துக்கிட்டு உக்காந்திருக்க மாட்டேன்.

தொப்பியக் கும்பிடாததுக்குத் தண்டனையா, மகன் தலைல வச்ச ஆப்பிள வில்லாளி அம்பால பிளக்கற காட்சி வந்துச்சு. எப்பவும் போல முன்னாடியே ரெண்டாப் பிளந்து ஒட்டி வச்ச ஆப்பிள், அதுல கறுப்பு நூல். அப்பா வில்லச் சுண்டுவார், அம்பு கைக்குள்ளயே நின்னுரும், திரைக்குப் பின்னால நிக்கற டாபின் பய நூல இழுப்பான், ஆப்பிள் ரெண்டா விழும். இன்னிக்கு மெழுகுவத்தி வெளிச்சத்துல நூல் பளிச்சுனு மின்னிடுச்சு.

"நூலுடா! நூலு!"

"வில்லாளின்னு சொன்னாங்க, தையக்காரன்ல வந்திருக்கான்!"

அப்பா மூஞ்சி செவசெவன்னு ஆயிடுச்சு. மேடை நுனிக்கு வந்து, "திங்கக்கிழமை வாங்கய்யா! நூல் இருக்காது!"ன்னுட்டார். அவர் வில்லத் தொட்டே ஒரு மாசம்தான். மூக்குக்கண்ணாடி இல்லாம முன்வரிசையே அவருக்குப் புகைதான்னு உனக்குத் தெரியாதா? மேடைல அதப் போடவும் மாட்டார், எந்த ஊரு வில்லாளிடா கண்ணாடி போட்டான்னு கேப்பாங்களாம்.

அந்தக் குண்டு ஆளு குனிஞ்சு, "பாப்பா, நீ நிப்பியா?"ன்னான்.

நான் அந்தச் சொல்லச் சொல்லித் தொலைச்சேன். ஜனம் எழுந்து நின்னு என் பேரக் கேட்டுக் கேட்டுக் கத்துச்சு.

வேஷம் கலைக்கும்போது அப்பா பக்கத்துல வந்து உக்காந்தார். "பெனி, மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு, உனக்கும் காய்ச்சல்னு அறிவிச்சுடறேன். பயந்தாங்கொள்ளி இங்கிலீஷ்காரன்னு சிரிப்பாங்க, வேற ஊருல கொட்டகை தேடிக்கலாம். காலைல சொல்லும்மா"ன்னார். முதலாளி அதுக்குள்ள சுவரொட்டி அச்சடிக்க ஆள் அனுப்பிட்டார்.

கேக்குதா, அடுத்த அறைல? அப்பா தலகாணிய நிறுத்தி வச்சு அம்பு விட்டுப் பாக்கறார். ஐயோ, இப்ப உடைஞ்சது தண்ணிக் கூஜா.

"மாட்டேன்னு சொல்லித் தொலைடி லூசு"ங்கற. சொல்லிடலாம்தான். வாயத் திறந்தா அந்தச் சொல்லு வரமாட்டேங்குதுக்கா. என் கையத் தொட்டுப் பாரேன், ஐஸா இருக்கா? இந்த நடுக்கம் சாகப்போறேங்கற பயமா, இல்ல திங்கக்கிழமை எப்படா வரும்னு இருக்கறதா?