ஏணிக்கு எத்தனை டிகிரி?

1

ஒப்புக்கொள்கிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை. ஓர் ஆஸ்பத்திரியின் வெள்ளிவிழா மலருக்குக் கட்டுரை கேட்டு மும்பை மாட்டுங்காவிலிருந்து சந்திரமௌலி போன் செய்தார். மலரைத் தொகுப்பவர் அவர்தான். தலைப்பையும் அவரே வைத்திருந்தார்: 'மூட்டு மாற்று சிகிச்சை, அன்றும் இன்றும்'.

"நடுவுல ஒரு பேஷண்ட் கதை வரட்டும். கடைசில அவ சிரிச்சுண்டே நடக்கணும். அழவெச்சுடாதீங்கோ, டீன் படிப்பார்."

விஷயம் சேகரிக்க அந்த ஆஸ்பத்திரியின் உடற்பயிற்சி அறைக்குப் போனேன். ஒரு முழங்காலை மாற்றி மூன்று வாரமே ஆன ஒரு பெண், பயிற்சி கொடுக்கும் ஷ்ருதியிடம் ஒரு கேள்வி கேட்டாள். அதை நோட்டில் குறித்துக்கொண்டேன். அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. சபுரா என்று வைத்தேன். தாராவியில் வீடு கொடுத்தேன். கேள்வி மட்டும் அவளுடையது.

2

முதலில் 'அன்று'.

நூற்று முப்பது வருஷங்களுக்கு முன் ஜெர்மன் மருத்துவர் ஒருவர் யானைத் தந்தத்தில் முழங்கால் செய்து பொருத்தினார். சீழ் பிடித்தது. பிறகு கதவுக் கீல் போன்ற உலோக மூட்டுகள் வந்தன. கதவு ஒரே மாதிரிதான் திறந்து மூடும். முழங்கால் கொஞ்சம் திரும்பவும் செய்யும். கீல்கள் தளர்ந்தன. அப்புறம் உலோகமும் பிளாஸ்டிக்கும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும் மூட்டு. இன்று எலும்பை எங்கே வெட்டுவது என்று ரோபோ வழிகாட்டுகிறது. காலையில் ஆபரேஷன், சாயங்காலம் நடை.

எழுதியதைத் திரும்பப் படித்தேன். மூட்டு வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. மூட்டுக்குச் சொந்தக்காரி ஒருத்தி எங்கேயும் வரவில்லை.

(சபுரா நாற்பத்தேழு வயதில் முதல்முறை போனபோது, "வயசு பத்தாது, மூட்டு பதினஞ்சு வருஷம்தான் தாங்கும், அறுபதுக்கு மேல வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். மூட்டு வீணாகிவிடக் கூடாதென்று அவள் பத்து வருஷம் நொண்டினாள். ஐம்பத்தேழில் வேறொரு டாக்டர், "இவ்ளோ நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். மலரில் இதற்கு 'முன்னேற்றம்' என்று பெயர்.)

3

முதல் தொடக்கம்:

'சபுராவின் ஒரே ஆசை, மறுபடி தரையில் நெற்றி வைத்துத் தொழ வேண்டும் என்ப—'

அடித்துவிட்டேன். சபுரா என்று பெயர் வைத்ததும், திலக் நகரில் லிஃப்ட் உள்ள கட்டடத்தில் உட்கார்ந்திருக்கும் என் பேனா தானாகத் தொழுகைப் பாயில் போய் நின்றது. சபுரா சிரித்தாள்.

"தொழுகைக்கு நாற்காலி போதும் தங்கச்சி. முடியாதவங்க உக்காந்து தொழலாம்னு எப்பவோ சொல்லியாச்சு. மாடிக்கு நாற்காலியில போவ முடியுமா?"

இரண்டாம் தொடக்கம்:

சபுராவின் வீடு கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. கீழே அடுப்பு, டிவி, மகன் காசிம், மருமகள் பரீஹா. மேலே தையல் மிஷின். முப்பது வருஷமாக அதில் தோல் பைகளுக்குக் கைப்பிடி தைக்கிறாள். மேலே போகச் சந்தில் ஓர் ஏணி.*

* ஒன்பது படி உள்ள இரும்பு ஏணி. கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக நிற்கும். பிடித்துக்கொள்ள மேலிருந்து நைலான் கயிறு தொங்கும். மாடிப்படி என்று நினைத்துக்கொண்டவர்கள் திரும்பப் படிக்கவும்.

4

பயிற்சி அறையில் மூன்று மரப்படிகள் உண்டு, இரண்டு பக்கமும் கைப்பிடியோடு. சபுரா ஏறி இறங்கினாள். ஷ்ருதி மடக்கு அளவுகோலால் முழங்கால் மடங்குவதை அளந்தாள்.

"ஆன்ட்டி, நூத்திப்பத்து டிகிரி! செம!"

"ஏணிக்கு எத்தன டிகிரி வேணும்?"

"ஏணியா? அதெல்லாம் வேணாம் ஆன்ட்டி. படின்னா ஓகே."

"எங்க வீட்டுல படி இல்லியே."

"அப்ப கீழயே இருங்க. எதுக்கு ரிஸ்க்?"

"கீழ இருக்கதுக்குப் பழைய காலே போதுமே மவளே. அத எதுக்கு அறுத்தீங்க?"

ஷ்ருதி அளவுகோலை மடக்கினாள், விரித்தாள், மறுபடி மடக்கினாள்.

5

ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆனபோது காசிம் சொன்னான்: "உம்மா, மிஷின கீழ இறக்கிருதேன். வெள்ளிக்கிழமைக்கு ஆள் சொல்லியாச்சு. ராணி மாரி உக்காந்து தைங்க."

அன்பாகத்தான் சொன்னான். (அவனைக் கெட்டவனாக்கினால் எனக்கு வேலை மிச்சம். இரண்டு பக்கம் முயன்றேன். ஆபரேஷன் முடிந்த முதல் பத்து நாள் அவளைக் கழிவறைக்குத் தூக்கிப் போனவன் அவன். எழுத வரவில்லை.)

கீழே இறங்கும் மிஷின் என்ன ஆகும் என்று சபுராவுக்குத் தெரியும். அதன்மேல் துணி மடிப்பார்கள். குக்கரை வைப்பார்கள். மூன்று மாதமாகக் கீழே அவள் உம்மா, மாமி, ஆன்ட்டி. மேலே இருந்தால் தோல் பைக்காரர் கைப்பிடி முடிந்ததா என்று சந்திலிருந்தே கத்துவார்: "சபுராபீ, ஹேண்டில் ஹோ கயா க்யா?" அந்தப் பெயரைக் கேட்டுத் தொண்ணூறு நாளாயிற்று.

6

சந்திரமௌலிக்கு மூன்று முடிவுகள் யோசித்தேன்.

(அ) ஆஸ்பத்திரி வராந்தாவில் சபுரா சிரித்துக்கொண்டே நடக்கிறாள். "பேஷ்! இதையே போட்டுடலாம்" என்றார்.

(ஆ) மிஷின் கீழே இறங்குகிறது. குடும்பம் சூழ்ந்திருக்க சபுரா முதல் தையலை—

(இ) சபுரா ஏறுகிறாள், விழுகிறாள். இதை எழுத ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த வேகம்தான் என்னை உலுக்கியது. சொன்ன பேச்சைக் கேட்காதவளைத் தள்ளிவிட என் கைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கிழித்துப் போட்டேன்.

"மலர்ல ஏணி எதுக்கு? ஏணிய எடுத்துடுங்கோ, எல்லாம் சரியாயிடும்" என்றார் சந்திரமௌலி.

"அது அவ வீட்ல இருக்கே சார்."

மலருக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

7

வியாழக்கிழமை மதியம். காசிம் வேலைக்குப் போயிருந்தான். சபுரா சந்துக்கு வந்து கயிற்றைப் பிடித்தாள். புதுக் காலை முதல் படியில் வைத்து, உடம்பை அதன்மேல் ஏற்றினாள். தாங்கியது. நாலாவது படியில் இருந்தபோது பரீஹா வெளியே ஓடி வந்தாள்.

"மாமி! பாகல் ஆயிட்டீங்களா, பைத்தியமா? இறங்குங்க!"

"கத்தாத. ஏணி ஆடுது, வந்து பிடி."

"பிடிச்சா நாந்தான் ஏத்திவிட்டேன்னு உங்க மவன் என்னைய ஏசுவாங்க."

"நான் ஏறுனத நீ ஏத்துனதா எவன் சொல்லுவான்?"

ஐந்தாவது படிக்குக் காலைத் தூக்கினாள். முழங்கால் மடங்கியது. எத்தனை டிகிரி என்று அளக்க அங்கே யாரும் இல்லை.

இங்கே நிறுத்துகிறேன். இன்னும் நாலு படி. நான் அவளைத் தள்ள மாட்டேன். தூக்கி மாடியில் வைக்கவும் மாட்டேன். ஏறுவது அவள் வேலை. ஏணியைப் பிடிக்கத்தான் ஆள் வேண்டும். என் கைகள் எழுதிக்கொண்டிருக்கின்றன. பரீஹா இன்னும் யோசிக்கிறாள். நீங்களோ இவ்வளவு நேரம் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வாருங்கள். 'பார்த்து, பார்த்து' என்று சொல்வதற்குத்தான் வருகிறீர்கள் என்றால், தயவுசெய்து வழியை மறைக்காமல் தள்ளி நில்லுங்கள்.

கீழே பார்க்காமலே சபுரா கேட்கிறாள்:

"பிடிச்சாச்சா?"