பன்னிரண்டு அடிக்கு மட்டும் குட்டைச் சுவர்

பல் டாக்டரின் கார் நிறுத்தத்துக்கும் தன் வீட்டுக்கும் நடுவில் ஆறடிச் சுவர் வரப்போகிறது என்ற கடிதத்தை அவள் மூன்று முறை படித்தாள். மூன்றாவது முறைதான் மேலே பொடி எழுத்தில் இருந்த வரி கண்ணில் பட்டது: ‘தங்களது புகாரின் பேரில்’. புகார் கொடுத்த புண்ணியவதி யார் என்று தேதியைப் பார்த்தால், சாட்சாத் அவளேதான். ஒன்பது மாதத்துக்கு முன்னால் கொடுத்தது.

எந்தக் காகிதத்தையும் ஒரு தடவையில் புரிந்துகொள்பவள் என்று பெயர் எடுத்தவள் அவள். பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாகச் சுற்றறிக்கை தட்டச்சு செய்கிறாள். மருந்துப் பெட்டியோடு வரும் பொடி எழுத்துத் தாளைக்கூட மடிப்புப் பிரித்துப் படிப்பாள். அதைப் பார்த்துத்தான் பஸ் டிரைவரான அவள் கணவர் அவளுக்கு ‘ஆபீசர்’ என்று பட்டம் கட்டியிருந்தார். “ஆபீசர், காபி ரெடியா?” “ஆபீசர், சட்டை பட்டன் போச்சு.” வீட்டில் அவளுக்கு வேறு பெயரே கிடையாது.

அவருக்காகத்தான் அந்தப் புகாரையும் எழுதினாள். விடிகாலை நான்கு மணிக்கு டிப்போவில் இருக்க வேண்டியவர் சாயங்காலம் ஏழு மணிக்கே படுத்துவிடுவார். பல் டாக்டர் பக்கத்து மனையை வாங்கிப் பதினாறு கார் நிறுத்த இடம் போட்டதிலிருந்து, ஒவ்வொரு வண்டியின் விளக்கும் படுக்கையறை ஜன்னல் வழியாக அவர் முகத்தில் அடித்தது. வீடுகளை ஒட்டிய கார் நிறுத்தத்துக்கு மறைப்பு வைத்தாக வேண்டும் என்று விதி இருப்பதை அவள்தான் தேடிப் பிடித்தாள். எழுதிப் போட்டாள். பதில் வரவில்லை. அப்புறம் பக்கவாதம் வந்தது. புகாராவது மண்ணாவது, அவள் அதை அடியோடு மறந்துபோனாள்.

வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒரே காலையில் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு மாதம் அவர் சுவரைப் பார்த்துக் கிடந்தார். பிறகு ஒரு நாள் கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தாள். வெளியே ஒரு சின்னக் கார் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் நுழைய முடியாமல் முன்னும் பின்னும் அல்லாடிக்கொண்டிருந்தது. திடீரென்று கட்டிலில் இருந்து ஒரு குரல். “ஒடி!” அவள் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. “ஒடி… ஒடி… வரலாம்… போதும்!” இடது கை காற்றில் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் அடுப்பங்கரைக்கு ஓடிப்போய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள்.

அன்றிலிருந்து அந்தப் பதினாறு கார்தான் அவருக்கு வைத்தியம். தினமும் ஒரு புது வார்த்தை வந்தது. ‘ஆபீசர்’ மட்டும் இன்னும் வரவில்லை. வரும் என்று காத்திருந்தாள். இப்போது அந்த ஜன்னலுக்கு எதிரே ஆறடிச் சுவர். அவளே மனுப் போட்டு வாங்கிய சுவர்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு நகரமைப்பு அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி நல்ல மனிதர்தான், அதுதான் கஷ்டமாக இருந்தது. கத்துவதற்கு வழி வைக்கவில்லை.

“புகாரத் திரும்ப வாங்கிக்கலாம்மா. விதியத் திரும்ப வாங்க முடியாதே.”

“அந்தச் சுவர் யாருக்காக சார்?”

“உங்களுக்காகத்தான்.”

“எனக்குத்தான் வேண்டாமே!”

“நீங்கன்னா நீங்க இல்லம்மா. வீடு. நாளைக்கு நீங்க வீட்ட வித்துட்டுப் போயிட்டா, வர்றவங்களுக்கு வெளிச்சம் அடிக்கும் இல்ல?”

“நான் விக்கப் போறதில்ல.”

“சரிம்மா. ஆனா வீடு இருக்கே.”

வீட்டின் சார்பில் அவர் பேசினார், வீட்டில் இருப்பவர்களின் சார்பில் அவள் பேசினாள். கால் மணி நேரம் இப்படியே போனது. செடி வேலி போடலாமா என்று கேட்டாள். போடலாமாம். மூன்று வருஷத்துக்குள் ஆறடி வளர வேண்டுமாம், இலை உதிரக் கூடாதாம், ஊடே பார்த்தால் எதுவும் தெரியக் கூடாதாம். மூன்று வருஷம் கிடைக்கிறதே என்று அவள் மனசு துள்ளியது. பல் டாக்டரிடம் ஓடினாள். “செடிக்கு யாரும்மா தண்ணி ஊத்துறது? அதுவுமில்லாம, நீங்கதானே சுவர் கேட்டு எழுதிக் குடுத்தீங்க?” என்றார் டாக்டர். திரும்பி வந்தாள்.

ஆறடி என்றால் எங்கிருந்து ஆறடி என்பதும் அவளுக்குப் பிடிபடவில்லை. டாக்டரின் மனை ஓரடி மேடு. மேட்டிலிருந்து அளக்க வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. அப்படியானால் அவள் பக்கம் ஏழடி. விதியைப் படிக்கப் படிக்கச் சுவர் வளர்ந்துகொண்டே போனது.

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில்தான் ஒரு வெளிச்சம் கிடைத்தது. ‘வாகனங்கள் தெருவுக்கு வெளியேறும் இடத்திலிருந்து பன்னிரண்டு அடி தூரம் வரை, நடந்து செல்வோர் ஓட்டுநரின் கண்ணில் படும்பொருட்டு, மறைப்பின் உயரம் இரண்டரை அடிக்கு மிகாதிருத்தல் வேண்டும்.’ அவளுக்குத் தலைகால் புரியவில்லை, சந்தோஷத்தில். தெருப்பக்கம் பன்னிரண்டு அடிக்குச் சுவர் குட்டை! கார் நிறுத்தத்தைப் பார்த்திருக்கும் கூடத்து ஜன்னல் தெருவோரமாகத்தானே இருக்கிறது? பின்னால் இருக்கும் படுக்கையறையிலிருந்து கட்டிலைக் கூடத்துக்கு மாற்றிவிட்டால் போதும். அதிகாரிக்குப் போன் செய்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கடிதத்திலேயே தெளிவாக இருப்பதை இன்னொருவரிடம் கேட்பது அவள் வழக்கமில்லை.

கட்டிலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவருக்கு அந்த வரியை நிதானமாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் படித்துக் காட்டினாள். “புரியுதாங்க? அதனால கட்டில முன்னாடி கொண்டுபோறோம். கார் எல்லாம் நல்லாத் தெரியும்.”

அவர் இடது கையை நீட்டிக் காகிதத்தை வாங்கினார். அந்த வரியின் மேல் விரலை வைத்தார். பிறகு விரல் ஜன்னலுக்குப் போனது. “இங்கயே,” என்றார்.

“இங்க இருந்தா ஒண்ணும் தெரியாதுங்க. ஏழடிச் சுவர் வரப்போகுது.”

“இங்கயே. இங்கயே!”

சில சமயம் குழப்பமாகத்தான் இருப்பார், பிடிவாதம் பிடிப்பார், எதிர்த்துப் பேசாதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். எதிர்த்துப் பேசாமல் காரியத்தைப் பார்த்தாள். மாடியில் குடியிருக்கும் நாத்தனார் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் கட்டிலைப் பிடித்தார்கள். அவர் இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. அவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். கடைசி விரலைப் பிரித்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். கதவைத் தாண்டும்போது கட்டில் கால் நிலையில் இடித்து ஒரு துண்டு மரம் பெயர்ந்து விழுந்தது.

“தம்பி வேண்டாங்கறான், விட்டுடேன்,” என்றாள் நாத்தனார். பகலில் தம்பியைப் பார்த்துக்கொள்வது அவள்தான். கூடத்தில் கட்டில் வந்தால் டிவிக்கு இடமில்லையே என்ற கவலையும் அவளுக்கு இருந்தது.

“அவருக்குப் புரியல அண்ணி. அவர் நல்லதுக்குத்தானே செய்யறேன்?”

மேஸ்திரி திங்கட்கிழமை தெருப்பக்கத்திலிருந்து வேலையை ஆரம்பித்தார். அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது. சரி, இதோடு நின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை வரும்போது கூடம் இருட்டாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கல்லும் சிமெண்டும்தான். கட்டிலில் அவர் சுவரைப் பார்த்துக் கிடந்தார், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் கிடந்தது போலவே.

“ரெண்டு நாளா வாயே தெறக்கல,” என்றாள் நாத்தனார்.

அவள் செருப்பைக்கூடப் போடாமல் வெளியே ஓடினாள். “மேஸ்திரி! தெருப்பக்கம் பன்னிரண்டு அடிக்கு ரெண்டரை அடிதானே போடணும்? உங்க இஷ்டத்துக்குக் கட்டிட்டுப் போறீங்களே!”

மேஸ்திரி கரண்டியைச் சட்டியில் வைத்தார். “தெருப்பக்கம் இல்லம்மா. வண்டி வெளிய போற பக்கம்.”

“வண்டி தெருவுக்குத்தானே வெளிய போகும்?”

“இது உள்ள வர்ற வாசல். வெளிய போறது எல்லாம் அந்தப் பக்கம், பின்னாடி தெரு வழியாத்தான். அம்பு போட்டிருக்காங்களே, பாக்கலயா?”

அவள் பார்த்ததில்லை. வீட்டின் பின்பக்கம் வெறும் மதில், கதவு கிடையாது. அந்தக் குறுகலான தெருவில் அவளுக்கு ஒரு வேலையும் இருந்ததில்லை. காலையில் முன்வாசல் வழியாகப் போவாள், சாயங்காலம் முன்வாசல் வழியாக வருவாள், கார்கள் உள்ளே நுழைவதைப் பார்ப்பாள். நுழைந்த கார் எங்கே போகிறது என்று இந்த ஒன்பது மாதத்தில் ஒரு நாள்கூட யோசித்ததில்லை.

உள்ளே வந்து கடிதத்தைத் தேடி எடுத்தாள். ‘வெளியேறும் இடத்திலிருந்து.’ பத்துத் தடவையாவது படித்த வரி. காலியாகக் கிடந்த படுக்கையறைக்குப் போய், கட்டில் இருந்த இடத்தில் நின்றாள். ஜன்னலுக்கு எதிரே மேஸ்திரி சுவரின் உயரத்துக்கு நூல் கட்டியிருந்தார். நூல் அவள் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே ஓடியது. அதற்கு அந்தப் பக்கம் பதினாறு காரும் பளிச்சென்று தெரிந்தன. ஒரு வெள்ளைக் கார் கிளம்பி, ஜன்னலைத் தாண்டி, பின்தெருவுக்கு மெதுவாகத் திரும்பிப் போயிற்று. இதைத்தான் அவர் மூன்று மாதமாக, ஒரு வண்டி விடாமல், பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

கம்பியிலிருந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தாளே, அந்த விரல்தானே அந்த வரியின் மேல் வைத்துக் காட்டியது? குழம்பிப் போயிருந்தது யார்? பக்கவாதம் வந்தவரா, இருபத்திரண்டு வருஷம் சுற்றறிக்கை அடித்தவளா?

கூடத்துக்கு வந்து கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“உங்களுக்கு அன்னிக்கே தெரியும்.”

அவர் முகத்தைத் திருப்பவில்லை.

“சொன்னீங்க. நான்தான் கேக்கல.” கடிதத்தை மடித்தாள். “இந்த அஞ்சு மாசமா உங்களுக்கும் சேத்து நானே பேசிட்டு இருக்கேன். உங்களுக்கு ஒண்ணும் புரியாதுன்னு நெனச்சுட்டேங்க.”

மேஸ்திரியின் கரண்டி கல்லில் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி அவள் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வாயின் இடது ஓரம் கோணிக்கொண்டு மேலே போனது. வார்த்தையை எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வருவதுபோல உதடு பாடுபட்டது.

“ஆ… பீ… சர்.”

அவள் அழுதாளா சிரித்தாளா என்று நாத்தனாருக்கே பிடிபடவில்லை. “என்னடி ஆச்சு உங்க ரெண்டு பேருக்கும்?” என்று டிவியை அணைத்துவிட்டு வந்தாள்.

“அண்ணி, அந்தப் பக்கம் பிடிங்க. கட்டில் திரும்பப் போகுது.”

“மறுபடியுமா? இப்பதானே இழுத்துட்டு வந்தோம், இடுப்பு இன்னும் வலிக்குது!”

அவள் தலைமாட்டைப் பிடித்தாள். நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டே கால்மாட்டுக்குப் போனாள். படுக்கையறைக் கதவுக்கு வந்ததும், போன தடவை மரம் பெயர்ந்த அதே இடத்துக்கு நேராக அவள் கட்டிலைத் தள்ளப் போனாள். அவருடைய இடது கை மேலே எழுந்தது. அவள் அப்படியே நின்றாள்.

“ஒடி,” என்றார் டிரைவர்.

“எந்தப் பக்கம்ங்க?” என்று கேட்டாள்.

கை காட்டியது. அவர் காட்டிய பக்கம் ஒடித்தாள்.

“வரலாம்… வரலாம்…”

எங்கும் இடிக்காமல் கட்டில் உள்ளே போயிற்று.