முதலாளி பங்கு அரை மணி நேரம்

எங்கள் கம்பெனியில் ஓய்வுக்காலத்துக்காகப் பிடிப்பது தூக்கத்தைத்தான். அட்டைப்பெட்டி ஒட்டுகிற ஒன்பது பேரும் ஞாயிறு மதியம் தூங்காமல் மிச்சம் பிடித்த தூக்கத்தைத் திங்கட்கிழமை காலையில் கொண்டுவந்து, அவரவர் பால் கேனில் ஊற்றிவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். ஐம்பத்தெட்டு வயதானதும் கேனை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சாவகாசமாகத் தூங்கலாம்.

தொழிலாளி போடுகிற அளவுக்கு முதலாளியும் தன் தூக்கத்தைப் போடவேண்டும் என்று முதலில் எழுதினேன். கணக்கு எழுதுகிறவன் நான்தான் என்பதால் திட்டம் வகுப்பதும் என் தலையில் விழுந்தது. முதலாளி குழந்தைவேல் படித்துவிட்டு, "ஏனுங்க, அப்ப நான் எப்பத் தூங்கறதுங்க?" என்றார். நியாயமான கேள்வி. ஒரு மணிக்கு அரை மணி என்று பாதியாக்கினேன். ஐந்து வருஷம் முடியுமுன் வேலையை விட்டுப் போகிறவருக்கு முதலாளி பங்கு கிடையாது, அது முதலாளிக்கே திரும்பிவிடும் என்றும் சேர்த்தேன். அன்றைக்கு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அதற்கு முன்பும் பின்பும் வாங்கிக் கொடுத்ததில்லை.

செம்மலை என்று ஒருவன் இருந்தான். அவன் ஒட்டு வேலை நாலு வருஷம் பதினோரு மாதம் நன்றாக இருந்தது. பிறகு சரியில்லாமல் போய்விட்டது. அவனை அனுப்பிய வாரம் முதலாளி மூன்று நாள் தொடர்ந்து தூங்கி எழுந்து பளபளவென்று வந்தார்.

போன தை மாதம் மயிலாத்தாள் அக்கா ஓய்வு பெற்றார். இருபத்திரண்டு வருஷம் ஒட்டியவர். பசை வாடை இல்லாத தூக்கம் ஒன்றுதான் அவருக்கு வேண்டும். தன் கேனைப் பத்திரப்படுத்திவிட்டு, தனிக் கேனில் இருந்த முதலாளி பங்கிலிருந்து தூங்கத் தொடங்கியவர், பத்தாம் நாள் திரும்பி வந்தார்.

"தம்பி, இதுல அவுரு கனவும் சேந்து கெடக்குதுங்க."

"என்ன கனவுங்கக்கா?"

"வேறென்ன, கம்பெனிதான். படுத்தா எட்டரை மணி பெல்லு அடிச்சுப்போடுது. நான் ஒட்டறேன், அவுரு பின்னால நின்னு வெரசா வெரசாங்கறாரு. எந்திரிச்சா கையெல்லாம் பசை."

திட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். கனவை வடிகட்டித் தரவேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

குடோனில் பத்து நாளாகத் தினமும் நானூறு பெட்டி கூடுதலாக இருந்தது. மடிப்பைப் பார்த்தால் அக்கா கனவில் ஒட்டியவைதான். முதலாளி அவற்றையும் லாரியில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார். பெட்டி லாரி ஏறினால் அக்கா இன்னும் வேலையில்தான் இருக்கிறார். வேலையில் இருப்பவர் கேனில் ஊற்றலாம். இதை அக்காவிடம் சொன்னேன்.

அடுத்த திங்கட்கிழமை அவர் தன் இருபத்திரண்டு வருஷத் தூக்கத்தையும் ஒரே மூச்சில் ஊற்றினார். முதலாளி அதில் பாதி போடவேண்டும். உச்சவரம்பு என்று ஒன்றை எழுத எனக்கு விட்டுப்போயிருந்தது. முதலாளி தன்னிடம் இருந்ததையெல்லாம் ஊற்றினார், ஒரு கொட்டாவிகூட மிச்சமில்லை.

தூக்கமில்லாதவரால் கனவுக்கு வரமுடியாது. கனவில் பின்னால் நிற்க ஆளில்லாததால் அக்கா பசை டிரம்மை மூடிவிட்டு, வெட்டு மேஜைமேல் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார்.

"வாடையே இல்லீங்க தம்பி," என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து முதலாளி, சிவந்த கண்ணோடு அக்கா வீட்டு வாசலில் நின்று அரை மணி நேரத் தூக்கம் கேட்டாராம். அக்கா என்னைக் கூப்பிட்டு விதியைப் பார்க்கச் சொன்னார். முதலாளி பங்கு வேண்டுமென்றால் ஐந்து வருஷம் வேலை செய்திருக்கவேண்டும் என்று படித்துக் காட்டினேன். முதலாளி தலையாட்டினார்.

செம்மலையின் இடம் காலியாகத்தான் இருந்தது. இப்போது முதலாளி அதில் உட்கார்ந்து ஒட்டுகிறார். ஒட்டு வேலை நன்றாக இருக்கிறது. நாலு வருஷம் பதினோரு மாதம் நன்றாகவே இருக்கும்.