முதல் சுற்றிலேயே

வீட்டுச் சுவரோரம் நிற்கவைத்துப் படமெடுத்துப் போன மாரண்டஹள்ளி ஸ்டுடியோக்காரர், சுபாவின் முகத்தை இழைத்த பலகைபோல ஆக்கிக் கொடுத்திருந்தார். பருத் தழும்பு இல்லை, மூக்கோரத்து மச்சம்கூட இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப இதுதான் சரி என்றாள் அம்மா மிக்கேலம்மாள். சுபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள் அவள். பொழுதுபோக்காக எழுதிவைத்திருந்த புரோகிராமில் அந்தப் படத்தைப் போட்டாள். படத்தில் ஒவ்வொரு புள்ளியின் நிறமும் உள்ளே வெறும் ஒன்றும் பூஜ்யமும்தான். புரோகிராமின் கணக்கில் ஒன்றுக்கு உயிர் உண்டு, பூஜ்யத்துக்கு இல்லை. ஒவ்வொரு சுற்றிலும், பக்கத்திலுள்ள எட்டுப் புள்ளிகளில் இரண்டோ மூன்றோ உயிரோடிருந்தால் ஒன்று பிழைக்கும்; சரியாக மூன்று இருந்தால் பூஜ்யத்துக்கும் உயிர் வரும். கூட்டம் நெருக்கினாலும் சாவு, துணையில்லாவிட்டாலும் சாவு; செத்த இடம் கருப்பு.

முதல் சுற்றிலேயே முகம் கருத்துப்போனது. எல்லாப் புள்ளியும் ஒரே மாதிரி இருக்கிற இடத்தில் எதுவும் பிழைக்காது. பின்னாலிருந்த காரை பெயர்ந்த சுவர் மட்டும் கலைத்துவிட்ட எறும்புப் புற்றாக நெளிந்துகொண்டிருந்தது.

"மூஞ்சி எங்கடி?" என்றாள் மிக்கேலம்மாள்.

"அதான் ஸ்டுடியோவுலயே வழிச்சு எடுத்துட்டாங்களே."

அந்நேரம் பார்த்து போனில் மாப்பிள்ளையின் படம் வந்தது. ஓசூர் ஸ்டுடியோ, பளிங்கு முகம். சுபா அதையும் போட்டாள். முகம் கருத்தது, கழுத்துச் சங்கிலி மட்டும் மினுமினுத்தது.

மிக்கேலம்மாள் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஜோடிப் பொருத்தம் நல்லாத்தான்டி இருக்குது."