மஞ்சள் பேட்ஜ்

"உப்பு," என்றான் எல்மர், ஃபின்னிஷ் மொழியில்.

ரோவெனா உப்பு ஜாடியை அவன் பக்கம் நகர்த்தினாள். "மீன் நல்லது," என்றான். அதோடு அவன் சரக்கு தீர்ந்துவிட்டது. அவளுக்கு அதற்கு மேலும் தெரியும். பேசினால் அவனுக்குப் புரியாது. புருஷனும் பெண்டாட்டியும் பூண்டுச் சோற்றைப் பார்த்தபடி மென்றார்கள்.

பிலிப்பைன்ஸில் இருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டும்வரை சண்டை போட்டவர்கள், சிரித்தவர்கள். ஃபின்லாந்தின் இந்த வடகோடி ஊருக்கு வந்துதான் ஊமையானார்கள். ரோவெனா வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் அவளுக்கு மேலதிகாரியான மார்யுத் சொன்ன யோசனை அது. "வீட்லயும் எங்க மொழியே பேசு. அப்பத்தான் நாக்கு பழகும்." நல்ல மனதோடுதான் சொன்னாள். இவள் அதை வீட்டுச் சட்டமாக்கிவிட்டாள்.

எல்மர் கரண்டியைப் போட்டான். சொந்தப் பேச்சுக்குத் தாவினான். "போதும்டி. ராத்திரி பூரா ஆளில்லாத ஆபீஸைத் துடைக்கிறேன். வீட்டுக்கு வந்தாலும் உப்பு, மீனு. எனக்கு வாயே செத்துப்போச்சு."

"இன்னிக்கு ஒருநாள் பொறுத்துக்க. மார்யுத் முடிவு சொல்றாங்க. நர்ஸ் வேலை கெடைச்சா செல்யாவைக் கூட்டிட்டு வந்துரலாம்."

"கெடைக்கலைன்னா?"

ரோவெனா எழுந்து தட்டுகளை அடுக்கினாள். செல்யா அவர்கள் மகள்; பிலிப்பைன்ஸில் சித்தி வீட்டில் வளர்கிறாள். அங்கே அறுவைச் சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்த ரோவெனா இங்கே குளிப்பாட்டவும் ஊட்டவும் உதவியாள். அந்தச் சம்பளத்துக்குப் பிள்ளையை வரவழைக்க அனுமதி கிடையாது. மொழிப் பரீட்சையில் தேறிவிட்டாள். வேலையிடத்தில் சரளமாகப் பேசுகிறாள் என்று மார்யுத் சொல்வது ஒன்றுதான் பாக்கி.

வெளிநாட்டு ஊழியர்களுக்கு மொழி ஆர்வம் ஊட்ட இல்லத்தில் ஒரு திட்டம் வந்தது. 'என்னோடு ஃபின்னிஷில் பேசுங்கள்' என்று எழுதிய மஞ்சள் பேட்ஜைச் சட்டையில் குத்திவிட்டார்கள். காப்பி மேசையில் ஆங்கிலம் கூடாது என்றார்கள். அதற்கு முன்பாவது, "பொண்ணு எப்படி இருக்கா?" என்று ஆங்கிலத்தில் யாராவது கேட்பார்கள். பேட்ஜ் வந்ததும் அதுவும் நின்றது. ஆங்கிலம் பேசினால் தப்பு. இவளுக்காக நிறுத்தி நிதானமாக ஃபின்னிஷ் பேச யாருக்குப் பொறுமை? இந்த ஊர் ஆட்களுக்கு மௌனம் ஒரு கஷ்டமே இல்லை. கோப்பையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தபடி ஆயுசையே கழித்துவிடுவார்கள்.

ரோவெனா பஸ்ஸில் வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வருவாள். "நீங்க ஞாயித்துக்கிழமை ஏரிக்குப் போனீங்களா?" என்று கேட்பாள். கூட வேலை செய்யும் கிர்ஸி தலையை ஆட்டிவிட்டு இன்னொரு வாய் குடிப்பாள். மேசையை விட்டு எழுந்து வேலைக்குப் போனால் அதே கிர்ஸி ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள். "வேலை கெடக்கு, சட்டுனு முடிச்சிரலாம்னுதான்." கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

அன்று மேசையில் கேக் இருந்தது. மொழித் திட்டத்துக்காக இல்லத்துக்குப் பரிசு கிடைத்திருந்தது. மேலிடத்திலிருந்து வந்த மனிதர் பேசினார், ஆங்கிலத்தில். நம் வெளிநாட்டு நண்பர்களுக்கும் புரியவேண்டுமாம். ரோவெனாவை முன்னால் நிறுத்தி, பேட்ஜ் தெரிய ஒரு படம் எடுத்தார்கள்.

பிறகு மார்யுத் அவளை ஜன்னலோரம் அழைத்துப்போனாள். அவளும் ஆங்கிலத்தில்தான் பேசினாள். "தப்பா எடுத்துக்காத, ரோவெனா. உன் வேலைல ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா காப்பி மேசையில நீ வாயே தெறக்க மாட்டேங்குற. சரளமா பேசுறான்னு நான் எப்படிச் சொல்றது? இன்னும் ஒரு வருஷம் பாப்போம்."

ரோவெனா ஃபின்னிஷில் பதில் சொன்னாள். நிதானமாக, ஒரு பிழை இல்லாமல், அறையே கேட்கும்படி. "நான் பேசினேன், மார்யுத். திருப்பிப் பேசத்தான் ஆளில்லை. இந்த மேசையில யாராவது ஒரு தடவையாவது எனக்கு உங்க மொழியில பதில் சொன்னீங்களா? இன்னும் ஒரு வருஷம்னு சுலபமா சொல்றீங்க. ஒவ்வொரு தடவையும் ஃபோன்ல எம்பொண்ணு குரல் மாறியிருக்கு. கொஞ்ச நாள் போனா எனக்கே அடையாளம் தெரியாது."

கேக்கை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். கிர்ஸி முகம் மலர்ந்து ஆங்கிலத்தில் சொன்னாள்: "அடேயப்பா, எவ்வளவு நல்லா பேசுற." இரண்டு பேர் கைதட்டினார்கள். மார்யுத்தும் சிரித்தாள். முடிவு மட்டும் மாறவில்லை.

ரோவெனா பேட்ஜைக் கழற்றிக் கேக் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, குளிப்பாட்ட வேண்டியவர்களைக் குளிப்பாட்டப் போனாள்.

சாயந்திரம் எல்மர் மேசையில் காத்திருந்தான். சட்டத்தை மீறாமல், "வேலை?" என்று ஃபின்னிஷில் கேட்டான்.

அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "நம்ம பேச்சுலயே கேளுய்யா," என்று தொடங்கியவள் நிறுத்தவில்லை. கேக், படம், கைதட்டல், இன்னும் ஒரு வருஷம் என்று எல்லாவற்றையும் கொட்டினாள். அவனும் கத்தினான். செல்யாவுக்கு யார் சொல்வது என்று இருவரும் அழுதுகொண்டே சண்டை போட்டார்கள்.

பக்கத்து வீட்டிலிருந்து சுவரைத் தட்டினார்கள். அந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த பிறகு ஒருவர் அவர்களிடம் ஏதோ சொன்னது அன்றுதான்.