பல்லுக்காரர் செய்த வீடு

பொய்ப்பல் செய்து பிழைக்கிறவனுக்கு மெய்யின்மேல் இத்தனை பற்று ஆகாது என்று அக்கா அடிக்கடி சொல்வாள். தம்பி சிரிப்பார். அவர் சிரித்தால் முன்பல் இரண்டு இல்லாதது தெரியும். ஊருக்கெல்லாம் பல் கட்டியவர் தமக்குக் கட்டிக்கொள்ளவில்லை.

தெருவுக்கு அவர் பல்லுக்காரர். மருத்துவர்கள் பல்வரிசையை அழுத்தி எடுத்தனுப்பும் வாயச்சில் சுண்ண மாவு வார்த்து, மெழுகில் ஈறு செதுக்கி, முதுமை பறித்துக்கொண்ட சிரிப்பை மீட்டுத் தருவது தொழில். தொழில் போக எஞ்சிய பொழுதில் பழங்கட்டடங்களைச் சிற்றுருவாகச் செய்வார். கடைத்தெருவின் தானியக் கிடங்கும், ஆற்றோரத்துச் சாயப் பட்டறையும் இடிபடுமுன் அவர் கையில் ஒருமுறை பிறந்து, இப்போது அலமாரியில் மட்டும் நிற்கின்றன.

இம்முறை அவர் செய்தது தாம் குடியிருக்கும் வீட்டை. சாலையை அகலப்படுத்த அதை இடிக்க வேண்டும் என்று நகரசபை சொல்லியிருந்தது. பழமை கருதி விட்டுவைக்கலாமா என்று ஆராய ஒரு குழுவும் அமைத்திருந்தது. குழு காப்பாற்றினால் வீடு. இல்லையேல் ஊர்க்கோடி அடுக்ககத்தில் ஒற்றை அறை. அந்த அறையின் சன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர்தான் தெரியும். அக்காவுக்குத் தையல் வேலை. மங்கிய கண்ணுக்கு விளக்கு வெளிச்சம் உதவுவதில்லை. முற்றத்தில் இறங்கும் வெயில் இருந்தால்தான் ஊசியில் நூல் ஏறும். இறைவன் எல்லோருக்கும் பொதுவாகப் பொழியும் ஒளியில் அந்த ஒரு சதுரத்தைத்தான் அவள் தன் பங்கென்று கொண்டிருந்தாள்.

"நாம கத்திப் பேசினா கேக்க மாட்டாங்க. நம்ம வீட்டச் செஞ்சு எடுத்துட்டுப் போ. பாத்தா கல்லும் கரையும்" என்று சொன்னதும் அவளே.

அவர் செய்தார். முட்டை ஓட்டைப் பொடித்துச் சுண்ணாம்புச் சுவர் பூசினார். அவளுடைய காலி நூற்கட்டைகள் முற்றத்துத் தூண்களாயின. காகித உறிஞ்சுகுழலை நெடுக்கே பிளந்து, தேயிலைச் சக்கையில் ஊறவைத்து ஓடு வேய்ந்தார். தீக்குச்சிகள் கைமரங்கள், மாத்திரை அட்டையின் ஈயத்தாள் தகரத் தாழ்வாரம், தேய்ந்த பல் துலக்கியின் இழை வாசல் மிதியடி. அளவெடுக்க ஏணி வைத்து மேற்கூரைக்குள்ளும் தவழ்ந்து போனார். அவர்களுடைய அப்பா போன பிறகு அங்கே எவரும் ஏறியதில்லை.

"கூரைக்குள்ள என்னடா தேடுற, புதையலா?"

"அளவுக்கா."

"கெடச்சா பாதி எனக்கு."

அவர் இறங்கி வந்து கை கழுவிக்கொண்டு வேலையில் அமர்ந்தார்.

குழுவின் முன் அட்டைப்பெட்டியைத் திறந்தபோது எல்லோரும் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். தலைவியாக இருந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இது எல்லாமே குப்பையில போறதுதானா?"

"ஆமாம்மா. எங்க வீட்டுல எதுவும் குப்பைக்குப் போறதில்ல. நேரா இவன் மேசைக்குத்தான்" என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். பிழைத்தோம் என்று அவள் நெஞ்சு சொல்லிற்று.

நகரசபைப் பொறியாளர் மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "கூரை கழலுமா?"

"நகத்தால தூக்குங்க சார், வரும்."

கூரை வந்தது. பொறியாளர் கைப்பேசி விளக்கை உள்ளே அடித்தார். "நடு உத்தரத்துல ஏன் இத்தனை பொத்தல்?"

"கரையான் சார். ஊசியாலதான் போட்டேன். உள்ள அப்படியேதான் இருக்கு."

அக்கா திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அந்த உத்தரத்தின் கீழேதான் அவள் படுத்துறங்குவது. இதுவரை அவளுக்கு அது தெரியாது.

"பின்சுவர் வெளிப்பக்கம் சாஞ்ச மாதிரி இருக்கே. ஒட்டினதுல பிசகா?"

பிசகு என்ற சொல் பல்லுக்காரரைச் சுட்டது. "பிசகெல்லாம் இல்ல சார். தூக்குக்குண்டு விட்டுப் பாத்துத்தான் செஞ்சேன். சுவரே சந்துப் பக்கமா சாஞ்சிருக்கு."

அக்கா அவர் முழங்கையைக் கிள்ளினாள். அவர் கையை நகர்த்திக்கொண்டார். வாயச்சில் சொத்தை மறைந்தால் கட்டும் பல் ஈற்றைப் புண்ணாக்கும். உள்ளதை உள்ளபடி வார்ப்பது அவர் கைக்கு மூச்சு விடுவதுபோல. நோயைக் காட்டினால்தானே மருந்து கிடைக்கும் என்று நம்பித்தான் ஒவ்வொரு பொத்தலையும் ஊசியால் இட்டிருந்தார்.

பொறியாளர் நிமிர்ந்தார். குரலில் கடுமை இல்லை. நண்பனிடம் கேட்பதுபோலக் கேட்டார். "நீங்க பல் வேலை பாக்கறவர். சொத்தைன்னா அடைச்சுடலாம். வேரே ஆடிப்போச்சுன்னா?"

தலைவி காத்திருந்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"வேர் ஆடிட்டா..." பல்லுக்காரர் நிறுத்தினார். பொய் சொல்ல வாய் திறந்தார். அது பழக்கமில்லாத வாய். "பிடுங்கிடறதுதான் சார்."

தீர்ப்பை வாசிக்க அதிக நேரம் ஆகவில்லை. வீட்டை இடிக்கலாம்; குடியிருப்போர் உயிருக்கு ஆபத்து என்பது காரணம். சிற்றுரு மிகச் சிறந்த ஆவணம் என்று பாராட்டி, அதை அலுவலகத்திலேயே வைத்துக்கொண்டார்கள்.

வீடு வந்து கதவைத் திறந்ததும் அக்கா சொன்னாள்: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். நல்லா ஆடத் தெரிஞ்சவன் நீ. நீ போய் ஏன்டா சொன்ன?"

"பாத்தா முட்டுக் கொடுத்து சரிபண்ணித் தருவாங்கன்னு நெனச்சேன்கா."

"யாரு? ரோடு போட வந்தவனா?"

அவர் தலை குனிந்தார்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ தூங்க மாட்டியே."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அன்றிரவு பாயை மட்டும் உத்தரத்துக்கு அப்பால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

இடிக்கும் நாளில் மேஸ்திரி ஆட்களோடு காலையிலேயே வந்தார். கையில் ஓர் அட்டைப்பெட்டி. சிற்றுருவை அலுவலகம் கொடுத்தனுப்பியிருந்தது.

"பல்லுக்காரர் நீங்கதானே? மன்னிச்சுக்கங்க, ஐயா. உங்ககிட்ட கேக்கக் கூடாது, வேற வழியில்ல. சந்துல ஜனங்க நடக்கறாங்க. என் ஆளுங்களும் புள்ளகுட்டிக்காரங்க. எதத் தொட்டா எது விழும்னு உங்களுக்குத்தான் தெரியும்னு சொன்னாங்க."

வாசலில் தட்டுமுட்டுச் சாமான் ஏற்றிய வண்டி நின்றது. அக்கா முற்றத்தில், எஞ்சிய தையல் எந்திரத்தின் அருகே இருந்தாள். தம்பி என்ன சொல்வான் என்று திரும்பிப் பார்த்தாள். தெரியாது என்று சொல்லட்டும். ஒருமுறை, இந்த ஒரு முறையாவது.

பல்லுக்காரர் பெட்டியைத் தரையில் வைத்தார். நகத்தால் கூரையைத் தூக்கினார்.

"பின்சுவர முதல்ல தொடாதீங்க. தொட்டா சந்துலதான் விழும். ஓட்ட முழுக்க எறக்குங்க, மேல இருந்து. அப்புறம் இந்த உத்தரத்துக்கு அடியில ரெண்டு முட்டு. அதுக்கப்புறம்தான் கைமரம்."

"இந்தத் தூணு?"

"அது சும்மா நிக்கலீங்க. பாக்க ஒல்லியா இருக்கும், பாதி பாரம் அதுலதான்."

ஆட்கள் சுற்றிக் குந்தினார்கள். ஒருவர் நூற்கட்டைத் தூணைத் தொட்டுப் பார்த்து, "நெசம் மாதிரியே இருக்கே" என்றார். "மாதிரி இல்லீங்க, அளவு அதேதான்" என்றார் பல்லுக்காரர். தாழ்ந்திருந்த அவர் குரல் சொல்லச் சொல்லத் தெளிந்தது. எந்த மூலையில் எந்தக் கல் இளகும், எந்தச் சுவருக்குள் மரச்சட்டம் ஓடுகிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். கேட்பாரற்றுக் கிடந்த அறிவைக் கேட்க இத்தனை பேர் வந்திருந்தார்கள். அதன் இனிமை தம்மை அறியாமலே அவர் முகத்தில் ஏறிற்று.

அந்த முகத்தை அக்கா பார்த்தாள். பிறகு, இருவர் தூக்க வேண்டிய எந்திரத்தைத் தனியே மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல், வண்டியை நோக்கி நடந்தாள்.